கரூரிலிருந்து ஐரோப்பாவுக்கு: இணையக் கடைக்கு மொழிகளைத் தேர்ந்தெடுத்த கதை

கரூரில் எங்கள் குடும்பத் தொழில் கிச்சன் டவல், மேஜை விரிப்பு, தலையணை உறை. வெளிநாட்டு பையர்களுக்கு மொத்தமாக அனுப்புவதோடு, சொந்தப் பெயரில் ஒரு இணையக் கடையும் நடத்துகிறோம். வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் அமெரிக்காவில் இருந்ததால் கடை ஆங்கிலத்தில் மட்டுமே ஓடிக்கொண்டிருந்தது. 2025 ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் மேல் போட்ட வரி 50 சதவீதமானது. அதே வாரத்தில், 800 டாலர் வரையிலான சின்னப் பார்சல்களுக்கு இருந்த வரிவிலக்கையும் எல்லா நாடுகளுக்கும் நிறுத்திவிட்டார்கள். இனி ஐரோப்பாதான் என்று வீட்டில் பேசி முடிவெடுத்தோம். முடிவெடுத்த உடனே வந்து நின்ற கேள்வி, கடையை எந்தெந்த மொழியில் வைப்பது என்பதுதான்.

கேட்டவர்கள் எல்லோரும், அதிகம் பேர் பேசும் மொழியாகப் பார்த்துப் போடுங்கள் என்றார்கள். அப்படிப் பார்த்தால் ஸ்பானிஷ் முன்னால் வரும். ஆனால் ஸ்பானிஷ் பேசுபவர்களில் பெரும்பகுதி லத்தீன் அமெரிக்காவில் இருக்கிறார்கள். அங்கே ஒரு டவல் செட் அனுப்பினால் கூரியர் செலவே சரக்கு விலையைத் தாண்டும். எனவே மொழிப் பட்டியலை மூடிவைத்துவிட்டு நாட்டுப் பட்டியலை எடுத்தோம். எந்த நாட்டுக்கு நம்மால் கட்டுப்படியாகும் செலவில் அனுப்ப முடியும், அங்கிருந்து ஒரு பார்சல் திரும்பி வந்தால் தாங்க முடியுமா என்று பார்த்ததில் ஜெர்மனி, ஆஸ்திரியா, பிரான்ஸ், பெல்ஜியம், நெதர்லாந்து, ஸ்வீடன், இத்தாலி மிஞ்சின.

அப்புறம் செய்த வேலைதான் எங்களுக்கு மிகவும் கைகொடுத்தது. ஐரோப்பாவிலிருந்து அதுவரை வந்திருந்த வாடிக்கையாளர் மின்னஞ்சல்கள் அனைத்தையும் எடுத்து நாடுவாரியாகப் பிரித்தோம். கடை முழுக்க ஆங்கிலத்தில் இருந்தபோது அவர்கள் எந்த மொழியில் நமக்கு எழுதினார்கள் என்பதை மட்டும் பார்த்தோம். நெதர்லாந்தும் ஸ்வீடனும் நல்ல ஆங்கிலத்தில் எழுதியிருந்தன. ஜெர்மனியிலிருந்து வந்தவை கலவை. ஆர்டர் போடுவதற்கு முன் கேட்கும் கேள்விகள் ஆங்கிலத்தில் இருந்தன. பணம் கட்டிய பிறகு ஏதாவது சிக்கல் என்றால் ஜெர்மனுக்குத் தாவிவிடுவார்கள். பிரான்சிலிருந்து வந்தவை ஏறக்குறைய எல்லாமே பிரெஞ்சு. இத்தாலியிலிருந்து கடைக்கு வந்து பார்த்தவர்கள் நிறைய, எழுதியவர்கள் மிகக் குறைவு.

கேள்விகளின் உள்ளடக்கமும் கவனிக்க வேண்டியதாக இருந்தது. ஜெர்மனியிலிருந்து திரும்பத் திரும்ப வந்தது, இந்தக் கிச்சன் டவலை 60 டிகிரியில் துவைக்கலாமா என்ற கேள்வி. சமையலறைத் துணியை அங்கே அந்தச் சூட்டில் துவைப்பது வழக்கம். அடுத்தது துவைத்தால் துணி எவ்வளவு சுருங்கும் என்பது. மூன்றாவது, துணியில் தீங்கான ரசாயனம் இருக்கிறதா என்று சோதித்துத் தரும் ஓகோ-டெக்ஸ் சான்று. மூன்றுக்கும் எங்கள் பக்கத்தில் ஆங்கிலத்தில் பதில் இருந்தது. கண்ணில் படும் இடத்தில், அவர்கள் மொழியில் இல்லை. 2020-ல் சிஎஸ்ஏ ரிசர்ச் என்ற சந்தை ஆய்வு நிறுவனம் 29 நாடுகளில் 8,709 பேரிடம் நடத்திய கணக்கெடுப்பில், 76 சதவீதம் பேர் பொருள் விவரம் தங்கள் மொழியில் இருப்பதையே விரும்பினார்கள். 40 சதவீதம் பேர் வேற்றுமொழித் தளத்தில் வாங்கவே மாட்டோம் என்றார்கள். அந்த எண்களை முன்பே படித்திருந்தேன். அந்த 60 டிகிரி மின்னஞ்சல்களை அடுக்கி வைத்துப் பார்த்தபோதுதான் அவை உறைத்தன.

சரி, ஜெர்மன் முதலில் என்றானது. ஒரே மொழியில் ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் கிடைக்கின்றன. ஆனால் அந்த மொழியில் கடை திறந்தால், அந்த நாட்டு வாடிக்கையாளரைக் குறிவைத்து விற்கிறோம் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். பொருள் விவரத்தை மொழிபெயர்ப்பது பாதி வேலைகூட இல்லை. கடை யாருடையது, முகவரி என்ன என்று சொல்லும் பக்கம் வேண்டும். பொருள் கைக்கு வந்ததிலிருந்து 14 நாளில் காரணம் சொல்லாமல் திருப்பித் தரலாம் என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் அந்த உரிமை மேலும் 12 மாதம் நீளும். கடைசி பட்டனில் வெறுமனே ஆர்டர் என்று போட முடியாது. இதை அழுத்தினால் பணம் கட்ட வேண்டிய கடமை உண்டு என்பது அந்தப் பட்டனிலேயே தெரிய வேண்டும்; இல்லையென்றால் ஒப்பந்தமே செல்லாது. 2012 ஆகஸ்டிலிருந்து ஜெர்மனியில் இதுதான் சட்டம். பேக்கிங் அட்டைக்குத் தனிப் பதிவு, 2024 டிசம்பரிலிருந்து பொருள் பாதுகாப்புக்கு ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ளேயே ஒரு பொறுப்பாளர் என்று இன்னும் உண்டு. ஜெர்மனைச் சேர்க்க நினைப்பவர்கள் இந்தச் செலவையும் மொழிச் செலவோடு சேர்த்தே கணக்குப் போட வேண்டும்.

லேபிள் விஷயத்தை மட்டும் இதிலிருந்து பிரித்துவிடுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 1007/2011 விதிப்படி, துணியின் நார் விவரம் விற்கும் நாட்டின் மொழியில் இருக்க வேண்டும். கடை எந்த மொழியில் இருந்தாலும் இது மாறாது. ஐந்தாறு மொழியில் நூறு சதவீதம் பருத்தி என்று அச்சடித்த ஒரே லேபிளை எல்லாப் பீஸிலும் தைத்துவிடுகிறோம். லேபிளில் மொழி கூட்டுவதற்கு ஒரு முறை அச்சுச் செலவுதான். கடையில் மொழி கூட்டினால் தினமும் வேலை.

மொழிபெயர்ப்புக்கு முதலில் ஒரு ஏஜென்சியிடம் கொடுத்தோம். வந்ததை ஸ்டுட்கார்ட்டில் இருக்கும் உறவுக்காரப் பெண்ணிடம் காட்டினேன். "மாமா, இலக்கணம் சரிதான், ஆனா கடைக்காரர் யாரும் இப்படிப் பேச மாட்டாங்க" என்றாள். அதன்பிறகு முறையை மாற்றினோம். முதல் வரைவு இயந்திரம். திருத்துவது கோயம்புத்தூரில் ஜெர்மன் சொல்லித்தரும் ஒரு ஆசிரியை. கடைசியாக ஒருமுறை அந்தப் பெண் வாசித்துப் பார்ப்பாள். சட்டம் சம்பந்தப்பட்ட பக்கங்களை மட்டும் ஜெர்மனியில் உள்ள வக்கீல் தயாரித்தார். அதில் சிக்கனம் பார்க்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

மொழிபெயர்க்கும்போதுதான் அளவுகள் இடித்தன. ஜெர்மனியில் வழக்கமான தலையணை 80-க்கு 80 சென்டிமீட்டர். பிரான்சில் 65-க்கு 65 அதிகம். எங்களிடம் இருந்ததெல்லாம் அமெரிக்க அளவு உறைகள். எவ்வளவு நல்ல ஜெர்மனில் எழுதினாலும் அந்த உறை அங்குள்ள தலையணைக்குப் பொருந்தாது. அதனால் முதலில் டவலும் மேஜை விரிப்பும் மட்டும் ஜெர்மனில் ஏற்றினோம். உறைகளுக்குத் தறியில் புது அளவு ஓட்டிய பிறகே அந்தப் பக்கம் திறந்தது.

இரண்டாவது மொழி பிரெஞ்சு. பொருள் விவரம், உத்தரவாதம், ரசீது எல்லாம் பிரெஞ்சில் இருக்க வேண்டும் என்று பிரான்சில் 1994-லிருந்தே சட்டம் இருக்கிறது. எனவே ஒன்று முழுதாகச் செய்ய வேண்டும், அல்லது அந்த நாட்டை விட்டுவிட வேண்டும். எங்களுக்குத் தைரியம் கொடுத்தது புதுச்சேரி. பிரெஞ்சிலேயே படித்து வளர்ந்த பெரியவர் ஒருவர் அங்கே கிடைத்தார். தினமும் மாலையில் வாடிக்கையாளர் கடிதங்களைப் படித்துப் பதில் எழுதித் தருகிறார். நமக்கு மாலை ஐந்து என்றால் குளிர்காலத்தில் பாரிசில் பகல் பன்னிரண்டரை. அன்றைய கேள்விக்கு அன்றே பதில் போய்விடுகிறது. இவர் கிடைக்காமல் இருந்திருந்தால் பிரெஞ்சைத் தொட்டிருக்க மாட்டோம். பதில் எழுத ஆள் இல்லாத மொழியில் கடை திறந்தால், வாங்கியவருக்குச் சிக்கல் வரும்போது அவரைக் கைவிடுகிறோம் என்றுதான் அர்த்தம்.

டச்சும் ஸ்வீடிஷும் வேண்டாம் என்று விட்டோம். அந்த வாடிக்கையாளர்கள் ஆங்கிலத்திலேயே நிம்மதியாக வாங்குகிறார்கள். நெதர்லாந்துக்கு மொழியைவிட ஐடீல் என்ற பணம் கட்டும் வசதியைச் சேர்த்ததுதான் பயன் தந்தது. இத்தாலிக்குத் திருத்தித் தர ஆள் கிடைக்கவில்லை, தள்ளிவைத்திருக்கிறோம்.

தொழில்நுட்பப் பக்கம் சுருக்கமாக: ஒவ்வொரு மொழிக்கும் ஒரே தளத்துக்குள் தனி முகவரி கொடுத்து, எந்தப் பக்கம் எந்த மொழிக்கு என்று தேடுபொறிக்குச் சொல்லும் ஹெச்ரெஃப்லாங் குறிகளால் அவற்றை ஒன்றோடொன்று இணையுங்கள். வருபவர் எந்த நாடு என்று பார்த்துத் தானாக மொழியை மாற்றாதீர்கள். மொழிக்குக் கொடிப் படம் வேண்டாம். ஆஸ்திரியாக்காரருக்கு ஜெர்மன் கொடியைக் காட்டுவது நன்றாக இல்லை. மொழியின் பெயரை அந்த மொழியிலேயே எழுதினால் போதும். ஜெர்மன் வரிகள் ஆங்கிலத்தைவிட நீளும் என்பதால் பட்டன்களின் அகலத்தைச் செல்பேசியில் பார்த்துச் சரிசெய்யுங்கள்.

இப்போது ஜெர்மனியிலிருந்து 60 டிகிரி கேள்வி வருவது வெகுவாகக் குறைந்துவிட்டது. கூடையில் போட்டுவிட்டுப் பாதியில் போகிறவர்களும் குறைந்திருக்கிறார்கள். அடுத்த பேச்சு ஜப்பானிய மொழி. சென்னையில் ஜப்பானிய மொழி படித்தவர்கள் இருப்பதால் திருத்த ஆள் கிடைப்பார் என்று நம்புகிறேன். அதற்கு முன் அங்கே அதிகம் விற்கும் 43-க்கு 63 அளவில் உறை சாம்பிள் தைத்துக்கொண்டிருக்கிறோம். அது சரியாக வந்த பிறகுதான் முதல் வரியை மொழிபெயர்க்கக் கொடுப்போம்.