ஒரு புட்டி சிறுநீர் சொல்லும் கணக்கு

ஹார்மோன்களின் வேலையைக் குலைக்கும் பிஸ்பீனால் ஏ என்ற பிளாஸ்டிக் வேதிப்பொருள் உடலுக்குள் எவ்வளவு சென்றது என்பதை அறியப் பெரும்பாலும் சிறுநீரைத்தான் சோதிக்கிறார்கள். ஆனால் உணவோடு சென்றதில் பெரும்பகுதி 24 மணி நேரத்துக்குள் வெளியேறிவிடுவதால், ஒரே ஒரு மாதிரி முந்தைய சில வேளைகளின் கணக்கை மட்டுமே காட்டும். அதை வைத்து ஒருவரின் ஆண்டுக்கணக்கான பாதிப்பை மதிப்பிடும் ஆய்வுகளை நான் ஐயத்தோடுதான் படிக்கிறேன். பிளாஸ்டிக்கை மென்மையாக்கச் சேர்க்கும் தாலேட்டுகளில் சிக்கல் வேறு: ஆய்வகக் குழாயிலிருந்தும் மூடியிலிருந்தும்கூட அவை மாதிரிக்குள் கசியக்கூடும் என்பதால், மூலப்பொருளை விட்டுவிட்டு, உடலுக்குள் அது சிதைந்து உண்டாகும் வளர்சிதைமாற்றப் பொருள்களையே அளக்கிறார்கள் (கெட்டிக்காரத்தனமான வழிதான்). நிறையத் தண்ணீர் குடித்தவரின் சிறுநீர் நீர்த்திருக்கும். தசைகளிலிருந்து ஏறக்குறையச் சீராக வெளியேறும் கழிவான கிரியாட்டினின் அளவைக் கொண்டு அதைச் சரிசெய்வார்கள். ஒட்டாத பாத்திரப் பூச்சுகளின் தயாரிப்பில் பயன்பட்ட பிஎஃப்ஓஏ போன்றவையோ இரத்தத்தில் ஆண்டுக்கணக்கில் தங்குபவை என்பதால், அவற்றுக்கு ஒருமுறை இரத்தம் எடுத்தாலே பெரும்பாலும் போதும்.