வெள்ளியைப் பார்க்கக் காத்திருந்த லெ ஜாந்தீல்

பாலக்கோட்டில் என்னிடம் டியூஷன் படிக்கும் பிள்ளைகள் திரும்பத் திரும்பக் கேட்கும் கதை, பிரெஞ்சு வானியலாளர் கிய்யோம் லெ ஜாந்தீலுடையது. நம்ம பாண்டிச்சேரிக்கு வந்தவர் அல்லவா!

வெள்ளிக் கோள் அபூர்வமாகச் சூரியனுக்குக் குறுக்கே கரும்புள்ளியாய்க் கடக்கும். பூமியின் பல இடங்களிலிருந்து அந்த நேரத்தைக் குறித்தால் சூரியனின் தூரத்தைக் கணக்கிடலாம். அதற்காக 1760-ல் கப்பலேறினார். வந்து சேர்வதற்குள் பாண்டிச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. 1761 ஜூன் 6 அன்று நடுக்கடலில் வெள்ளியைப் பார்த்தார். ஆடும் கப்பலில் அளவு எடுக்க முடியவில்லை.

சரி, அடுத்தது எட்டு வருடத்தில் வருமே என்று இந்தப் பக்கமே தங்கிவிட்டார். 1769 ஜூன் 4 காலை, பாண்டிச்சேரியில் எல்லாம் தயார். மேகம் மூடிக்கொண்டது. வெள்ளி கடந்து முடிந்ததும் வெயில் அடித்தது. "பாவம் மிஸ் அவரு" என்பார்கள் பிள்ளைகள்.

எனக்குப் பிடித்த பகுதி வேறு. சோழிகளை வைத்துக் கிரகணம் கணிக்கும் தமிழரின் முறையை அங்கே உட்கார்ந்து கற்றார். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணத்தின் கால அளவில் தமிழ்க் கணக்கு 41 விநாடிதான் குறைந்தது; ஐரோப்பிய வானியலாளர் மேயரின் அட்டவணை 68 விநாடி கூடியது. அதை மறைக்காமல் எழுதிவைத்த மனிதர்!

1771-ல் ஊர் திரும்பினால், இறந்துவிட்டார் என்று சொத்தைப் பங்குபோடப் பார்த்தார்கள் உறவினர்கள். அப்புறம் மீண்டு, 1792 வரை வாழ்ந்தார்.

ஆந்திரோமெடா விண்மீன் மண்டலத்துக்குப் பக்கத்திலுள்ள எம் 32 என்ற சிறு விண்மீன் மண்டலத்தை 1749-ல் கண்டவரும் இவரே. பிள்ளைகளுக்கு அதைக் காட்ட வேண்டும். தர்மபுரி பக்கம் நல்ல தொலைநோக்கி வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள், அழைத்துவருகிறேன்.