லைப்சிக்கில் என் மாலை நேரங்கள்

"வெளிநாட்டில் என்ன வேலை?" என்று கேட்கும் உறவினர்களுக்காக எழுதுகிறேன். இது சம்பள வேலை அல்ல. ஜெர்மனி அரசின் ஆதரவில் நடக்கும் 'வெல்ட்வேர்ட்ஸ்' திட்டத்தில் தன்னார்வலராக, லைப்சிக் நகரின் ஓர் இளைஞர் மையத்தில் இருக்கிறேன். தங்குமிடம், சாப்பாடு, கைச்செலவுக்குக் கொஞ்சம் பணம், அவ்வளவுதான். 2008இல் தொடங்கியபோது ஜெர்மானிய இளைஞர்களை மட்டுமே நம்மைப் போன்ற நாடுகளுக்கு அனுப்பினார்கள். நாமும் ஜெர்மனிக்கு வரலாம் என்பது 2013இல்தான் வந்தது. அது முன்பே நடந்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

பள்ளி விட்டதும் பிள்ளைகள் வந்துவிடுவார்கள். டேபிள் டென்னிஸ், மேசைக் கால்பந்து, இடையில் வீட்டுப்பாடம். டிசம்பரில் மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடுவதால் சமையலறையில்தான் கூட்டம்.

நேற்று சப்பாத்தி போட்டோம். சிரியாவிலிருந்து வந்த ஒரு பையன், யாரிடமும் அதிகம் பேசாதவன், மாவு உருண்டையை வாங்கி, கட்டையைத் தொடாமல், இரு உள்ளங்கைகளுக்கு நடுவே தட்டித் தட்டியே மெல்லிய வட்டமாக்கினான். அவன் பாட்டி அப்படித்தான் செய்வாராம். எல்லோரும் சூழ்ந்துகொண்டு கற்றுத்தரச் சொன்னார்கள். அரை மணி நேரம் அவன்தான் வாத்தியார். எனக்கு மனம் நிறைந்துவிட்டது.

18 முதல் 28 வயதுவரை உள்ள தம்பி, தங்கைகளே, விண்ணப்பிக்க விருப்பமிருந்தால் கேளுங்கள். தெரிந்ததை எல்லாம் சொல்கிறேன்.