"விண்டோஸ்லயே இருக்குதுங்களே, தனியா எதுக்குங்க?"

திருப்பூரில் சில பனியன் கம்பெனிகளுக்குக் கணக்கு பார்க்கிறேன். பேக்கப்புக்குத் தனி மென்பொருள் என்று வாயெடுத்தாலே முதலாளிமார் கேட்கிற கேள்விதான் தலைப்பில் இருப்பது.

இருக்கிறதுதான். விண்டோஸ் 8-இல் வந்த ஃபைல் ஹிஸ்டரி என்ற பேக்கப் வசதி 11-லும் உண்டு. ஆனால் கண்ட்ரோல் பேனலுக்குள் போய் நாமே ஆன் செய்ய வேண்டும். வெளி டிஸ்க் ஒன்றைச் செருகிவிட்டால், மாறிய ஃபைல்களை மணிக்கொருதரம் எடுத்து வைக்கும். எனக்கு அதில் பிடித்த விஷயம், பிரதிகள் எல்லாம் பெயரோடு தேதி, நேரம் சேர்ந்து சாதாரண ஃபைலாகவே கிடக்கும். வேறு கம்ப்யூட்டரில் டிஸ்க்கைச் செருகி நேராகத் திறக்கலாம். மற்ற நிறுவனங்களின் வெளி மென்பொருள் பலவும் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடும். அவிழ்க்க அதே மென்பொருள் வேண்டும்.

ஆனால் டாக்குமெண்ட்ஸ், டெஸ்க்டாப் போன்ற இடங்களைத் தவிர வேறெதையும் அது தானாகத் தொடாது. கணக்கு எழுதும் மென்பொருளான டேலிபிரைமின் டேட்டா வழக்கமாக சி டிரைவில், யூசர்ஸ், பப்ளிக் என்று உள்ளே போனால் இருக்கும். பிரிண்டிங் டிசைன்களை டி டிரைவில் குவித்து வைத்திருப்பார்கள். அந்த ஃபோல்டர்களை விண்டோஸின் லைப்ரரி என்ற ஃபோல்டர் தொகுப்பில் சேர்த்தால்தான் கணக்கில் வரும். டேலிக்கு மட்டும் என் வழி வேறு. சாயங்காலம் கிளம்பும் முன் ஆல்ட்+ஒய் அழுத்தி டேலியின் சொந்த பேக்கப்பை டாக்குமெண்ட்ஸுக்குள் எடுக்கச் சொல்கிறேன். அப்புறம் அதை ஃபைல் ஹிஸ்டரி பார்த்துக்கொள்ளும்.

சரி, கம்ப்யூட்டருக்குள் இருக்கும் டிஸ்க்கே செத்துவிட்டால்? விண்டோஸ், டேலி, பிரிண்டர் டிரைவர் என்று ஒவ்வொன்றாகப் போட்டு முடிப்பதற்குள் ஷிப்மெண்ட் தேதி போய்விடும். அதற்கு முழு இமேஜ், அதாவது விண்டோஸ், மென்பொருள், ஃபைல் எல்லாம் சேர்ந்த டிஸ்க்கின் முழு நகல் வேண்டும். இங்கேதான் நான் வெளி மென்பொருள் பக்கம் சாய்கிறேன். விண்டோஸின் பழைய சிஸ்டம் இமேஜ் வசதியை 2017-லேயே மைக்ரோசாஃப்ட் ஓரங்கட்டி, மற்ற நிறுவனங்களின் மென்பொருளைப் பயன்படுத்தச் சொல்லிவிட்டது. அதிலும் இலவசத்தை ரொம்ப நம்பக் கூடாது. இமேஜ் எடுக்கப் பலரும் வைத்திருந்த மேக்ரியம் ரிஃப்ளெக்ட் என்ற மென்பொருளின் இலவசப் பதிப்புக்கு 2024 தொடக்கத்தோடு ஆதரவு நின்றுபோனது. இப்போது அதே வேலையைச் செய்யும் வீம் ஏஜென்ட்டின் இலவசப் பதிப்பைப் போட்டுக் கொடுக்கிறேன், கூடவே விண்டோஸ் கிளம்பாதபோது கம்ப்யூட்டரைத் திறந்து இமேஜை மீட்க ஒரு ரெகவரி பென்டிரைவும்.

எதைப் போட்டாலும் பேக்கப் டிஸ்க் எப்போதும் கம்ப்யூட்டரிலேயே தொங்கினால், ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் வரும்போது அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். அதனால் இரண்டு டிஸ்க் வாங்கச் சொல்கிறேன். சனிக்கிழமை சம்பளப் பட்டுவாடா முடிந்ததும் ஒன்று முதலாளி வீட்டு பீரோவுக்குப் போகும், அங்கிருப்பது ஆபீசுக்கு வரும். இரண்டாவது டிஸ்க்குக்குத்தான் எல்லோரும் பேரம் பேசுகிறார்கள்.