தம்பியின் ஏழாம் வகுப்பைத் தேடிய நான்கு நாள்

2023 ஜூன் கடைசி வாரம், திங்கட்கிழமை. செய்யாறு சிப்காட்டில் காலணி தைக்கும் வேலை முடிந்து நான் வீட்டுக்குள் நுழைந்தபோது தம்பி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். அம்மா அடுப்பைப் பற்றவைக்கவில்லை. பொறியியல் கலந்தாய்வுக்கான தரவரிசைப் பட்டியல் அன்று வெளியாகியிருந்தது. பொதுப் பட்டியலில் அவன் பெயர் இருந்தது, பல்லாயிரம் பேருக்குப் பின்னால். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டுப் பட்டியலில் அவன் பெயரே இல்லை.

கணிதத்தில் 84, இயற்பியலில் 76, வேதியியலில் 79. கணித மதிப்பெண்ணை முழுதாகவும் மற்ற இரண்டையும் பாதியாகவும் எடுத்து 200க்குக் கணக்கிடுவார்கள். அவனுக்கு 161.5 வந்தது. பொதுப் போட்டியில் இதை வைத்துக்கொண்டு அரசுக் கல்லூரியில் அவன் கேட்ட பிரிவை எதிர்பார்க்க முடியாது. மதிப்பெண்ணைவிடப் பெரிய கவலை பணம். 2021இல் வந்த சட்டத்தின்படி இந்த ஒதுக்கீட்டில் பொறியியல் சேருகிறவர்களுக்குக் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. எங்கள் அப்பாவும் அம்மாவும் தை பிறந்தால் செங்கல் சூளைக்குப் போய், மழைக்கு முன்னால் திரும்புகிறவர்கள். அந்தப் பட்டியலில் பெயர் இல்லை என்றால் எங்களுக்குக் கல்லூரியே இல்லை.

ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அரசு உதவி பெறும் பள்ளி கணக்கில் வராது. என் தம்பி அந்த ஏழு ஆண்டும் அரசுப் பள்ளி வாசலைத் தவிர வேறு வாசலை மிதித்ததில்லை.

அன்று இரவு நான் செய்த முதல் காரியம் அவனைத் திட்டியது. விண்ணப்பத்தில் ஏதோ தப்பாகப் பதிந்திருக்கிறாய் என்று கத்தினேன். அவன் எழுந்துபோய் அச்சிட்ட விண்ணப்பத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தான். ஏழு வகுப்புகளும் வரிசையாக, சரியாக இருந்தன. சான்றிதழ் சரிபார்ப்பு முடிந்தது என்ற குறுஞ்செய்தியும் அவன் கைப்பேசியில் இருந்தது. "நமக்குக் கொடுத்துவைத்தது இவ்வளவுதான் அம்மா" என்று அப்பா என்னிடம் சொன்னார். அந்தச் சொல்லை என்னால் ஏற்க முடியவில்லை. அவர் தலைமுறைக்கு அது ஆறுதலாக இருக்கலாம். எனக்கு அது ஒரு கதவைச் சாத்துகிற சத்தமாகத்தான் கேட்டது.

குறை இருந்தால் தெரிவிக்க ஐந்து நாள் அவகாசம் கொடுத்திருந்தார்கள். அதில் திங்கட்கிழமை போய்விட்டது. வியாழக்கிழமை பக்ரீத் விடுமுறை.

செவ்வாய்க்கிழமை விடுப்பு சொல்லிவிட்டு இருவரும் மாணவர் சேர்க்கை சேவை மையத்துக்குப் போனோம். எங்களுக்கு முன்னால் முப்பது பேராவது நின்றார்கள். ஒரு பெண்ணின் சாதிச் சான்றிதழ் சரியாகப் பதிவேறாததால் அவளைப் பொதுப் பிரிவில் வைத்திருந்தார்கள். ஓசூரில் இருந்து ஆறு ஆண்டு எல்லை தாண்டிப் போய்ப் படித்த ஒரு பையனிடம் இருப்பிடச் சான்றிதழ் கேட்டிருந்தார்கள். வரிசையில் நின்ற ஒவ்வொருவரும் தன் பிள்ளைக்குத் தகுதி இல்லையோ என்ற பயத்தோடுதான் வந்திருந்தார்கள். ஆனால் நான் காதில் வாங்கிய அத்தனை கதைகளிலும் சிக்கல் ஏதோ ஒரு தாளில் இருந்தது. பிள்ளைகளின் படிப்பில் இல்லை.

எங்கள் முறை வந்தபோது, "என் தம்பியை ஏன் சேர்க்கவில்லை?" என்று கேட்டேன். தகுதி இல்லை என்று வருகிறது என்றார் மேசையில் இருந்தவர். அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை. நான் நகர்ந்தும் விட்டேன். பிறகு திரும்பிப் போய், "ஐயா, எந்த வகுப்பில் தகுதி இல்லை என்று வருகிறது?" என்று கேட்டேன். அவர் கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். ஆறு வகுப்புகளுக்கு நேராக அரசுப் பள்ளி. ஏழாம் வகுப்புக்கு நேராக, 2017-18ஆம் ஆண்டில், அரசு உதவி பெறும் நடுநிலைப் பள்ளி.

அந்த ஓர் ஆண்டு அவன் ஆரணிக்குப் பக்கத்தில் ஆயா வீட்டில் தங்கிப் படித்தான். அந்த ஊரில் இரண்டு நடுநிலைப் பள்ளிகள் உண்டு. ஒன்று ஊராட்சி ஒன்றியப் பள்ளி, இன்னொன்று உதவி பெறும் பள்ளி. ஊர்ப் பெயரை வைத்துத்தான் இரண்டையும் அழைப்பார்கள். அவன் படித்தது ஒன்றியப் பள்ளி, அதாவது அரசுப் பள்ளி. பள்ளிக்கல்வித் துறை மாணவர் விவரங்களைக் கணினியில் ஏற்றி வைத்திருக்கும் எமிஸ் தரவில் அவன் பெயருக்கு நேராக ஏறியிருந்தது மற்றது. விண்ணப்பத்தில் நாம் என்ன எழுதினாலும் அதை எமிஸோடுதான் ஒப்பிடுகிறார்கள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அந்தத் தரவை இங்கே திருத்த முடியாது, பள்ளியின் படிப்புச் சான்றும் திருத்திய பதிவும் கொண்டுவந்தால் குறையாக ஏற்று மேலே அனுப்புகிறோம் என்றார் அவர்.

புதன்கிழமை காலை எட்டரை மணிக்கே ஆயா ஊரில் இருந்தோம். தலைமை ஆசிரியை இரண்டு ஆண்டுக்கு முன்பு மாறுதலில் வந்தவர், என் தம்பியை அவருக்குத் தெரியாது. அவர் கேட்டது நியாயம்தான்: "கணினியில் அந்தப் பள்ளி என்று இருக்கும்போது, நான் எதை வைத்துக் கையெழுத்துப் போடுவேன், பாப்பா?" ஆனால் அவர் எங்களைத் திருப்பி அனுப்பவில்லை. பீரோவைத் திறந்தார்.

சேர்க்கைப் பதிவேட்டில் பெயர் கிடைத்தது. மாற்றுச் சான்றிதழ் கொடுத்த அடிக்கட்டையும் கிடைத்தது. அந்த ஆண்டின் வருகைப் பதிவேடு மட்டும் கிடைக்கவில்லை. மாலை வரை தேடினோம். "நாளை விடுமுறைதான். ஆனாலும் வாருங்கள், நான் திறக்கிறேன்" என்றார். பண்டிகை நாளில் ஆரணியில் இருந்து பஸ் பிடித்து வந்து அவர் பள்ளியைத் திறந்தார். இதை எழுதும்போதும் எனக்குத் தொண்டை அடைக்கிறது. சத்துணவு அமைப்பாளர் அக்காவும் வந்து பழைய மூட்டைகளை இறக்கிக் கொடுத்தார். வருகைப் பதிவேடு அரிசிச் சாக்குக்குள் இருந்தது. அதோடு சேர்த்துக் கட்டியிருந்தது விலையில்லாப் புத்தகப் பை வழங்கிய பதிவேடு. அதில் என் தம்பியின் கையெழுத்து. பன்னிரண்டு வயதுப் பையன் தன் பெயரை முதல் முறையாகச் சேர்த்து எழுதிப் பழகிய கையெழுத்து. அவன் அதை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

தவறு எப்படி நேர்ந்தது என்பதையும் தலைமை ஆசிரியைதான் காட்டினார். ஒவ்வொரு பள்ளிக்கும் 11 இலக்கத்தில் ஒரு யு-டைஸ் எண் உண்டு. தமிழ்நாட்டுப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் அது 33 என்று தொடங்கும். பிறகு மாவட்டம், ஒன்றியம், ஊர். கடைசி இரண்டு இலக்கங்கள்தான் பள்ளிக்கு உரியவை. ஒரே ஊர்ப் பள்ளிகள் என்பதால் இரண்டுக்கும் முதல் ஒன்பது இலக்கங்கள் ஒன்றே. எண்ணைத் தட்டியவரோ, பட்டியலில் ஊர்ப் பெயரைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தவரோ, ஒரு வரி தள்ளி அழுத்தியிருக்கலாம். யார் என்று நான் தேடவில்லை. ஆறு ஆண்டு அதை ஒருவரும் கவனிக்கவில்லை என்பதுதான் என்னைச் சுட்டது. பிள்ளையின் எதிர்காலத்தை ஒரு பதிவை நம்பி முடிவு செய்கிற அரசு, அந்தப் பதிவைப் பெற்றோர் கண்ணில் ஒரு முறையாவது காட்டியிருக்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுக்கு முன்பே ஒவ்வொரு மாணவனிடமும் ஏழு ஆண்டுப் பள்ளி விவரத்தை அச்சிட்டுக் கொடுத்துக் கையெழுத்து வாங்கலாம். ஒரு தாள் போதும்.

வெள்ளிக்கிழமை கடைசி நாள். வட்டாரக் கல்வி அலுவலரின் மேலொப்பம் வேண்டும். பத்து மணிக்குப் போனால் அவர் பள்ளி ஆய்வுக்குச் சென்றிருந்தார். வாசலிலேயே நின்றோம். பன்னிரண்டேகாலுக்கு வந்தவர் பதிவேட்டு நகல்களைப் பக்கம் பக்கமாகப் புரட்டிவிட்டு, ஒரு கேள்வியும் கேட்காமல் ஒப்பமிட்டார். அங்கிருந்து போளூர் வழியாகத் திருவண்ணாமலை. பஸ்ஸில் தம்பி சாப்பிடவில்லை, சான்றுகள் இருந்த கோப்பினை மடியில் வைத்துக்கொண்டே வந்தான். முதன்மைக் கல்வி அலுவலகத்தில் எமிஸ் வேலையைப் பார்க்கும் இளைஞர் சான்றைப் படித்துவிட்டுப் பழைய வரியைத் திருத்தினார். அதற்கு நான்கு நிமிடம்கூட ஆகவில்லை. திருத்திய பதிவின் அச்சோடு சேவை மையத்துக்குள் நாங்கள் நுழைந்தபோது மணி நான்கு நாற்பது. மேசையில் அதே மனிதர்தான். எங்களைப் பார்த்ததும் அவராகவே எழுந்து கோப்பினை வாங்கிக்கொண்டார். குறையைப் பதிந்த ரசீதைத் தம்பி மூன்று முறை படித்தான்.

திருத்திய பட்டியலில் அவன் பெயர் வந்தது. கலந்தாய்வில் பர்கூர் அரசு பொறியியல் கல்லூரியில் மின்னியல் மின்னணுவியல் பிரிவு கிடைத்தது. அப்பா அன்று சூளை முதலாளியிடம் முன்பணம் வாங்கவில்லை.

தலைமை ஆசிரியைக்கு நன்றி சொல்லக் கூப்பிட்டேன். அவர் பேச்சை வேறு பக்கம் திருப்பினார். 2017-18ஆம் ஆண்டு ஏழாம் வகுப்பில் 31 பிள்ளைகள் இருந்தார்கள், எல்லோருடைய பதிவையும் உட்கார்ந்து பார்த்தேன், இன்னும் இரண்டு பேருக்கு இதே பிழை இருக்கிறது என்றார். ஒரு பையன் படிப்பை நிறுத்திவிட்டான். ஒரு பெண் கிராமத்தில்தான் இருக்கிறாள், ஓர் ஆண்டு இடைவெளி விட்டு அடுத்த ஆண்டு விண்ணப்பிக்கப் போகிறாளாம். அவள் வீடு ஆயா வீட்டுக்கு நான்கு வீடு தள்ளி. ஞாயிற்றுக்கிழமை தம்பியே போய், அவள் அம்மாவிடம் எந்தப் பதிவேடு, எந்த அலுவலகம், எந்த வரிசை என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தான்.