லான் கோபுரத்து மாடுங்க

10 அக்டோபர் 2025, வெள்ளி

பாரிஸ்லேர்ந்து ரயில்ல பிரான்ஸோட வடக்குல இருக்குற லான்ங்குற ஊருக்கு வந்து சேர்ந்தாச்சு. சுத்திலும் தட்டையான வயக்காடு, நடுவுல திடுதிப்புனு 100 மீட்டர் உயரத்துக்கு ஒரு குன்று, அதோட உச்சில கதீட்ரல், அதாவது பிஷப்போட பெரிய சர்ச், ரயில்லயே கோபுரம் கண்ணுல பட்டுடுச்சு. பாரிஸ் நோத்ர தாம் கதீட்ரல்ல எட்டிப் பாக்குற கல் பூதங்களத்தான் எல்லாரும் போட்டோ எடுக்குறாங்க, அதெல்லாம் 19ஆம் நூற்றாண்டுல புதுப்பிச்சப்போ வியோலே லெ துக்ங்குற கட்டடக் கலைஞர் வெச்சது. இங்க 13ஆம் நூற்றாண்டுலயே கோபுரத்து மேல கல்லுல செதுக்கின மாடுங்க நின்னுருக்கு. பாரம் இழுத்த மாடுங்க!

11 அக்டோபர், சனி

காலைல வாசல்ல நின்னு பைனாகுலர்ல பாத்தேன். மேற்கு முகப்புல ரெண்டு கோபுரம், மொத்தம் 16 மாடு, மேல் அடுக்குத் தூண் இடுக்குலேர்ந்து தலைய நீட்டிக்கிட்டு ஊரப் பாக்குதுங்க. கழுத்து வலிச்சாலும் கண்ண எடுக்க மனசு வரல.

மதியம் கைடு கூட சின்ன குரூப்பா மேல ஏறினோம், சுருள் படிக்கட்டு, ஒருத்தர் பின்னாடி ஒருத்தராத்தான் போக முடியும், மேல போனா காத்து ஆளத் தள்ளுது. திமில் இல்லாத அந்த ஊர் மாடு, கனமான முகம், கொம்பு. இந்தக் குன்று மேல ஒவ்வொரு கல்லயும் வண்டில கட்டி இழுத்துத்தானே ஏத்திருக்கணும், அந்தச் சரிவ நடந்து ஏறினப்பவே எனக்கு மூச்சு வாங்கிடுச்சு.

இதுக்கு ஒரு கதை இருக்கு. 1112ல ஊர்ல கலவரம், பிஷப் கோத்ரியக் கொன்னுட்டாங்க, பழைய கோயில் எரிஞ்சு போச்சு. அதச் சரி பண்ண வண்டில சாமான் ஏத்திட்டு வரும்போது பாதி வழில ஒரு மாடு சுருண்டு விழுந்துடுச்சாம், வண்டிக்காரர் தவிச்சு நின்னப்போ எங்கேர்ந்தோ இன்னொரு மாடு தானா வந்து நின்னு, பாரத்த உச்சி வரைக்கும் இழுத்து விட்டுட்டு, வந்த வழியே போயிடுச்சாம். அந்தக் காலத்துலயே வாழ்ந்த கிபெர் த நோஜான்ங்குற மடாதிபதி எழுதி வெச்சது இது. இப்ப நிக்கிற கட்டடம் 1155 வாக்குலதான் ஆரம்பிச்சுது, அதனால கதை பழைய கோயிலோடது. அற்புதம் நடந்துச்சோ இல்லயோ, என்னப் பொறுத்தவர அந்த மாடுங்களுக்கு அந்த உயரம் நியாயமாக் கிடைச்ச இடம். கீழ வாசல்ல புனிதர்களுக்கு இடம் குடுத்துட்டு உச்சிய உழைச்ச மிருகத்துக்குக் குடுத்துருக்காங்களே, அந்த மனசுதான் எனக்குப் பெருசாப் படுது.

12 அக்டோபர், ஞாயிறு

காலைல மறுபடி ஒரு சுத்து. வில்லார் த ஒன்கூர்னு ஒருத்தர் 13ஆம் நூற்றாண்டுல இந்தக் கோபுரத்த மாட்டுத் தலையோடவே வரைஞ்சு வெச்சுருக்கார், பல தேசம் போயிருக்கேன், இப்படி ஒரு கோபுரத்த எங்கயும் பாத்ததில்லன்னு பக்கத்துலயே எழுதிருக்கார். ஜெர்மனில பாம்பெர்க் கதீட்ரல்லயும் இதப் பாத்து கோபுரத்துல மாடு வெச்சுருக்காங்க. அடுத்த லீவுக்கு அங்கதான் போகணும், பைனாகுலர் மட்டும் இன்னும் நல்லதா ஒண்ணு வாங்கணும்.