மழைல எறங்கிப்போன தமட்டையும் கூடவே எறங்குன 808-உம்

ஆடி மாசம் எங்க ஸ்ரீராமபுரத்துல தெருவுக்குத் தெரு அம்மனுக்கு கூழ் ஊத்துவாங்க, இந்த வருஷம் எங்க தெரு திருவிழா அன்னைக்கு காலைலருந்தே பெங்களூருக்கே உரிய அந்த தூறல், பெய்யவும் பெய்யாது நிக்கவும் நிக்காது. எங்க மாமா தமட்டை வாசிக்கிறவரு. பறைன்னும் சொல்வோம் தப்புன்னும் சொல்வோம், ஆனா இங்க கன்னடக்காரங்களோட சேர்ந்தே வளர்ந்ததால தமட்டைன்னுதான் வாயில வரும். கோயில் பக்கத்துல ஒரு தகர ஷீட்டுக்கு அடியில அட்டைப் பெட்டியையும் பழைய நியூஸ்பேப்பரையும் கொளுத்தி தோலை காய வெச்சிட்டிருந்தாரு. வட்டமா திருப்பித் திருப்பி நெருப்புல காட்டுவாரு, நடுநடுல காதுகிட்ட வெச்சு ஒரு விரலால சுண்டி பாப்பாரு, "இன்னும் காயணும்டா மாப்ள, தொங்கிக்கினு கீது"ன்னு சொல்லிட்டு மறுபடி நெருப்புக்கு. நான் ரெக்கார்டரை கைல புடிச்சிட்டு நிக்கிறேன். கடைசியா சுண்டுனப்ப ஒரு கணீர் வந்துச்சு பாருங்க, அது அப்படியே பல்லுல கூசுற மாதிரி இருந்துச்சு.

பதினோரு நிமிஷம் ரெக்கார்ட் பண்ணேன். அடிக்குச்சி ஒரு கைல, நீளமா மெல்லிசா இருக்கிற சிண்டுக்குச்சி இன்னொரு கைல, கரகம் எடுத்தவங்க முன்னாடி ஆட, மாமா அவங்க காலையே பாத்து வாசிச்சிட்டு நடக்கிறாரு. ஏழு எட்டு நிமிஷத்துல தூறல் பட்டு தோல் தளந்து சுருதி எறங்க ஆரம்பிச்சுது. பதினோராவது நிமிஷத்துல "போதும்டா, செத்துடுச்சு"ன்னு சொல்லிட்டு திரும்ப நெருப்புகிட்ட போயிட்டாரு.

அன்னைக்கு நைட்டு அதை எஃப்எல் ஸ்டூடியோன்ற மியூசிக் சாஃப்ட்வேர்ல போட்டேன். எனக்கு வேண்டியது ஒரு டிரில் பீட், அது ராப்ல ஒரு வகை, 140 பிபிஎம், அதாவது நிமிஷத்துக்கு 140 தட்டு, அதுக்கு மேல மாமாவோட அடி. வெட்டுனேன், ஒவ்வொரு அடியையும் கிரிட்டுல, அதாவது சமமா பிரிச்ச நேரக் கட்டத்துல ஒக்கார வெச்சேன், அடியெல்லாம் தானா கட்டத்துக்கு இழுக்கிற குவான்டைஸ் போட்டேன், பிளே பண்ணா உயிரே இல்ல. அதே தோலு, அதே கை, ஆனா ஏதோ கல்யாண மண்டபத்துல கீபோர்டுக்காரர் வெச்சிருப்பாரே ரெடிமேட் ரிதம், அந்த மாதிரி கேக்குது. விடியக்காலைல நாலு மணிவரைக்கும் ஒக்காந்து பாத்தேன், தூக்கமும் வரல பீட்டும் வரல.

நான் இந்த பதிவுல சொல்ல வந்ததே அந்த நைட்டு எனக்கு புரிஞ்ச ஒரு விஷயத்தைத்தான். நம்ம பசங்க நெறைய பேர் யூடியூப்ல போய் யாரோ ஒரு பெரிய ராப்பர் பேரைப் போட்டு "டைப் பீட்"னு தேடி, அட்லாண்டாலயோ லண்டன்லயோ செஞ்ச மாதிரி இருக்கிற ஒண்ண டவுன்லோட் பண்ணி, அதுமேல ஏரியா பேரு, பஸ் நம்பரு, டீக்கடை பேரெல்லாம் போட்டு ராப் பண்றாங்க. வரிகள் நல்லாவே இருக்கு, அதுல எனக்கு எந்த குறையும் இல்ல. ஆனா வாயை மூடிட்டா, அதாவது வோக்கலை மியூட் பண்ணிட்டா, அந்த பாட்டு எந்த ஊருன்னே தெரியாது. ஊரு டிரம்ல இருக்கணும் மச்சா. வரில மட்டும் இருந்தா பத்தாது.

ஹிப் ஹாப்போட கதையே அதான். 1973 ஆகஸ்ட் 11, நியூயார்க் பிராங்க்ஸ்ல 1520 செட்ஜ்விக் அவென்யூன்ற அடுக்குமாடியில ஒரு தங்கச்சி வெச்ச பார்ட்டில அண்ணன் டிஜே கூல் ஹெர்க் ரெண்டு டர்ன்டேபிள் வெச்சு, பாட்டுல டிரம் மட்டும் தனியா வர்ற இடத்தை திரும்பத் திரும்ப ஓட்டுனாரு, ஜனம் ஆடுச்சு. ஹெர்க் ஜமைக்காலருந்து வந்த குடும்பம், அந்த பெரிய பெரிய ஸ்பீக்கர் கட்டுற பழக்கம் அங்கருந்து வந்தது. அப்புறம் 1987ல எஸ்பி-1200ன்னு ஒரு மெஷின், மத்த பாட்டுலருந்து துண்டு வெட்டி வாசிக்கிறதுக்கு, மொத்தமே பத்து செகண்டுதான் அப்படி சாம்பிள் எடுக்க முடியும். நியூயார்க் பசங்க என்ன பண்ணாங்கன்னா நிமிஷத்துக்கு 33 சுத்துல ஓட வேண்டிய ரெக்கார்டை 45ல ஓட்டி வேகமா உள்ள ஏத்திட்டு, மெஷின்ல திரும்ப ஸ்லோ பண்ணிக்கிட்டாங்க, எடம் மிச்சம். அப்படி பண்றப்ப சவுண்டு கரகரன்னு, மணல் போட்டு தேச்ச மாதிரி ஆயிடுச்சு. அந்த கரகரப்பைத்தான் இன்னைக்கு உலகமே நியூயார்க் சவுண்டுன்னு சொல்லுது. எடம் பத்தாததால வந்த சவுண்டு அது!

ஹூஸ்டன்ல டிஜே ஸ்க்ரூ பாட்டையெல்லாம் ஸ்லோ பண்ணி கேசட்ல போட்டு கொடுத்தாரு, அந்த ஊரு வெயிலுக்கும் மெதுவா ஓட்டிட்டு போற காருக்கும் அது அப்படி பொருந்துது. லாஸ் ஏஞ்சலஸ்ல 1992ல டாக்டர் டிரே பழைய ஃபங்க் பேஸ்லைனை ஆள் வெச்சு திரும்ப வாசிக்க வெச்சு மேல ஒரு கீச்சு சின்த்தை மிதக்க விட்டாரு, அதுவும் கார்ல கேக்கிற சவுண்டுதான். அட்லாண்டாவோட டிராப்ன்ற ராப் வகைல புரொட்யூசர் ஸேடோவன் வாசிக்கிற கீபோர்டை கேட்டீங்கன்னா சர்ச்சு வாடை அடிக்கும், ஏன்னா அவரு ஞாயித்துக்கிழமை சர்ச்சுல ஆர்கன் வாசிக்கிற ஆளு.

எனக்கு ரொம்ப புடிச்ச கதை நியூ ஆர்லியன்ஸோடது. 1986ல நியூயார்க் குவீன்ஸ்ல ஷோபாய்ஸ்னு ரெண்டு பேரு "டிராக் ராப்"ன்னு ஒரு பாட்டு போட்டாங்க, அவங்க ஊருல அது பெருசா போகல. அது எப்படியோ நியூ ஆர்லியன்ஸ் போயி, அங்க டிஜேங்க அதுல வர்ற மணிச் சத்தத்தையும் டிரம்மையும் புடிச்சுக்கிட்டு, அதுமேலயே பார்ட்டில கத்தி கத்தி, ஊர்வலத்துல பிராஸ் பேண்டு பின்னாடி ஆடுற அந்த ஊரோட நடையை அதுக்குள்ள ஏத்தி பவுன்ஸ்னு ஒரு இசையையே உண்டாக்கிட்டாங்க. இப்ப அந்த சவுண்டு கேட்டா எவனும் குவீன்ஸ்னு சொல்ல மாட்டான். எங்கருந்து வந்ததுன்றது ஒரு கணக்கு, எந்த ஊரு காலு அதுக்கு ஆடுச்சுன்றது இன்னொரு கணக்கு, எனக்கு ரெண்டாவதுதான் பெருசா படுது.

இது எனக்கு வெறும் இசை விஷயம் இல்ல. எங்க தாத்தா ஆற்காடு பக்கத்துலருந்து பின்னி மில்லு வேலைக்கு வந்தவரு, தமட்டையும் கூடவே வந்துச்சு. இப்ப எங்க மாமா வாசிக்கிறத ஆற்காட்டு அடின்னு சொல்றதா பெங்களூரு அடின்னு சொல்றதா? கூழ் ஊத்துறதுக்கும் வாசிக்கிறாரு, சாவுக்கும் வாசிக்கிறாரு, நவம்பர் 1 கர்நாடக ராஜ்யோத்சவ ஊர்வலத்துல மஞ்ச செவப்பு கொடிக்கு முன்னாடியும் வாசிக்கிறாரு. கூட வாசிக்கிற நாலு பேர்ல ரெண்டு பேரு கன்னடக்காரங்க, அவங்க கிராமத்து நடை ஒண்ணு மாமா கைக்குள்ள எப்பவோ பூந்துடுச்சு. ஊருக்குப் போனா அங்க இருக்கிற ஆளுங்களே "இது இன்னா புதுசா கீது"ன்னு கேப்பாங்களாம். அப்ப அது இந்த ஊரு அடிதானே. என்னை யாராவது நீ எந்த ஊருன்னு கேட்டா நான் வாயால பதில் சொல்லி முடிக்க ரொம்ப நேரம் ஆவும், அந்த அடி ஒரே செகண்டுல சொல்லிடும்.

பெங்களூருல இதுக்கு முன்னாடி யாரும் யோசிக்கலன்னு இல்ல. ராப்பருங்க பிரோதா வி, ஸ்மோக்கி த கோஸ்ட் எல்லாம் சேர்ந்து வெச்ச குரூப்போட பேரே "மச்சாஸ் வித் ஆட்டிட்யூட்", அந்த மச்சான்ற ஒரு வார்த்தையிலயே இந்த ஊரு தமிழ், கன்னடம், இங்கிலீஷ் எல்லாம் ஒண்ணா நிக்குது. பிரோதா வி 2012லயே இங்கிலீஷ் ராப்புக்கு நடுவுல பஜனையை கொண்டுவந்து வெச்சாரு. ஹனுமான்கைண்டை எடுத்துக்கோங்க, ஹூஸ்டன்ல வளர்ந்து பெங்களூரு மேடைங்கள்ல ஏறி வந்தவரு, இங்கிலீஷ்லதான் ராப், ஆனா 2025ல வந்த "ரன் இட் அப்"ல செண்டை எறங்குற அந்த எடத்துல ஒரு வார்த்தை புரியாதவனுக்கும் கேரளம் புரியும். சென்னைல 2018 ஜனவரில காஸ்ட்லெஸ் கலெக்டிவ்ன்ற பேண்டு மேடை ஏறுனப்ப கானாவும் பறையும் ராப்பும் ஒண்ணா நின்னத பாத்து நான் அழுதே இருக்கேன். அதே வருஷம் காலா படத்துல தாராவி பசங்களோட ராப் குரூப் டோப்அடெலிக்ஸ் வந்தாங்க, மும்பை சந்துல தமிழும் இருக்குன்னு எல்லாருக்கும் கேட்டுச்சு. 1995ல ஒரு அவார்டு ஃபங்ஷன்ல நியூயார்க் கூட்டம் கூச்சல் போட, அட்லாண்டாவோட அவுட்காஸ்ட் குரூப்ல இருந்த ஆன்ட்ரே, அமெரிக்காவோட தெற்குக்கு சொல்றதுக்கு ஒண்ணு இருக்குன்னு மைக்ல சொல்லிட்டு எறங்குனாரு. ராப்புன்னா ஹிந்தி, ஹிந்தின்னா மும்பை டெல்லின்னு ஆயிப்போன நேரத்துல எனக்கு அந்த காட்சி அடிக்கடி ஞாபகம் வரும்.

சரி, அந்த பீட்டுக்கு வரேன். மறுநாள் வேலைக்கு போயிட்டு வந்து திரும்ப ஒக்காந்தப்ப குவான்டைஸ் எடுத்துட்டு மாமாவோட ரெக்கார்டிங்கை மட்டும் அப்படியே ஓட விட்டு, அதுல அவரு எங்க அடிக்கிறாருன்னு அளந்து பாத்தேன். அவரு வாசிக்கிறது திஸ்ரம், ஒரு அடியை மூணா பிரிக்கிற நடை, டிரில் டிராப் பீட்டெல்லாம் நாலா பிரிக்கிற கட்டம். மூணையும் அவரு சமமா பிரிக்கல. மொதல் அடி நெருக்கி, ரெண்டாவது கொஞ்சம் தாமதிச்சு, மூணாவது ஓடிப்போய் அடுத்ததுல முட்டுது, கரகம் ஆடுற அக்கா கால் ஊணுறப்ப மட்டும் எல்லாம் சரியா வந்து சேருது. நான் நைட்டெல்லாம் ஒக்காந்து அந்த தாமதத்தைத்தான் தப்புன்னு நெனச்சு திருத்திட்டு இருந்திருக்கேன். டெட்ராய்ட்ல ஜே டில்லான்ற புரொட்யூசர் டிரம்மை கட்டத்துக்கு கொஞ்சம் முன்ன கொஞ்சம் பின்ன தள்ளி வெச்சு உலகத்தையே தலையாட்ட வெச்சாரு, அவரு பீட் செஞ்ச எம்பிசி மெஷின் இன்னைக்கு வாஷிங்டன்ல மியூசியத்துல இருக்கு. அதெல்லாம் படிச்சிருக்கேன், கேட்டிருக்கேன், ஆனா சொந்த மாமா கைல அது இருக்குன்னு கண்டுபுடிக்க இவ்ளோ நாள் ஆச்சு.

அதனால தலைகீழா பண்ணேன். மாமாவை கிரிட்டுக்கு இழுக்காம, கிரிட்டை மாமாவுக்கு இழுத்தேன். அவரோட ஒவ்வொரு சுத்துக்கும் டெம்போ மாத்தி மாத்தி போட்டேன், 96ல ஆரம்பிச்சு கூட்டம் ஏற ஏற 108கிட்ட போவுது. ஹை-ஹேட்டை, அதாவது டிரம் செட்டோட ஜால்ரா சத்தத்தை, மூணு மூணா பிரிச்சு அவருக்கு பின்னாடி ஓட விட்டேன். அப்புறம் 808. டிஆர்-808ன்ற டிரம் மெஷின் வந்தது 1980ல, மூணு வருஷத்துல நிறுத்திட்டாங்க, ஆனா அந்த நீண்ட "தூம்" இன்னும் சாகல. அந்த தூம்மை தமட்டையோட சுருதிக்கு சேத்தேன், தோல் ஜி (G) சொரத்துல நிக்குது, 808-ஐயும் கீழ அதே ஜில வெச்சேன், 49 ஹெர்ட்ஸ். மொத ஆறு நிமிஷம் அடிவயித்துல ரெண்டும் ஒண்ணா எறங்குது, அப்படி ஒரு சுகம். அப்புறம் கோணலா கேக்க ஆரம்பிச்சுது, எனக்கு என்னன்னே புரியல. பிளக்இன்னை செக் பண்ணேன், ஹெட்போனை மாத்துனேன். ரொம்ப நேரம் கழிச்சுதான் மண்டையில ஒறைச்சுது, மழை! தோல் எறங்கிட்டே வருது. கடைசில கிட்டத்தட்ட எஃப் (F) சொரத்துக்கு வந்துடுச்சு.

மொதல்ல பிட்ச் கரெக்ட் பண்ணி தோலை மேல தூக்கலாம்னுதான் கை போச்சு. நிறுத்திட்டேன். 808-ஐயும் கூடவே எறக்குனேன், சாஃப்ட்வேரே சுருதியை மெதுவா மாத்துற மாதிரி ஆட்டோமேஷன் கோடு போட்டு, தோல் எவ்ளோ எறங்குதோ அவ்ளோ, 49லருந்து மெதுவா 44க்கு. டிரில்ல 808 ஒரு சொரத்துலருந்து இன்னொண்ணுக்கு டக்குன்னு சறுக்கும், லண்டன் பசங்க அதை தங்களோட கையெழுத்தாவே வெச்சிருக்காங்க. இது அப்படி இல்ல, நிமிஷக் கணக்குல சறுக்குது, கேக்கிறவனுக்கு என்ன நடக்குதுன்னு தெரியாது ஆனா ஒடம்பு கனமாவுறது தெரியும். கடல் மட்டத்துலருந்து 900 மீட்டருக்கு மேல இருக்கிற ஊரு, ஆடி மாசத்து தூறல், தோலு, அட்டைப் பெட்டி நெருப்பு, இதெல்லாம் சேர்ந்து போட்ட சறுக்கல் அது. இதை எந்த டைப் பீட்டுலயும் டவுன்லோட் பண்ண முடியாதுல்ல?

ஒண்ணு சொல்லியே ஆவணும். ஜேம்ஸ் பிரவுன் பேண்டுல டிரம்மர் கிளைட் ஸ்டபிள்ஃபீல்டு வாசிச்ச "ஃபங்கி டிரம்மர்" அடியை எத்தனையோ ஹிப் ஹாப் பாட்டுல எடுத்து போட்டிருக்காங்க, அந்த மனுஷனுக்கு அதுக்கான ராயல்டி வரல, 2017ல போயிட்டாரு. எங்க மாமாவுக்கும் நடந்திருக்கு. சில வருஷம் முன்னாடி ஒரு ஸ்டூடியோல கூட்டிட்டு போயி ஒரு நாள் முழுக்க வாசிக்க வெச்சு, கூலி மாதிரி கொஞ்சம் காசு கைல கொடுத்து அனுப்பிட்டாங்க, பாட்டு வந்தப்ப பேர் போடுற எடத்துல "ஃபோக் பெர்கஷன்"னு மட்டும் இருந்துச்சு. மாமா அதை என்கிட்ட போன்ல காட்டி "இதுல என் பேரு எங்க கீது, பட்ச்சு சொல்லு"ன்னு கேட்டாரு. நான் ரெண்டு வாட்டி ஸ்க்ரோல் பண்ணி பாத்தேன், என்ன சொல்றதுன்னு தெரியல. சாவு வீட்டுல வாசிக்கிறவன்னு ஒதுக்கி நிக்க வெச்ச கை அது, பாட்டுலயும் பேரில்லாம நிக்க வெச்சா அது எனக்கு சாதாரண தப்பா தெரியல. அதனால இந்த பீட்டுல புரொட்யூசர்னு ரெண்டு பேரு, மொதல்ல அவரு பேரு, அடுத்து என்னுது, வர்ற காசும் பாதி பாதி. எழுதி கையெழுத்து போட்டாச்சு.

போன வாரம் அவருக்கு போட்டு காட்டுனேன். போன்ல 49 ஹெர்ட்ஸ் கேக்காது, தமட்டை மட்டும் தகரமா கேக்கும்னு தெரிஞ்சதால மச்சானோட ஆட்டோக்கு கூட்டிட்டு போயி, சீட்டுக்கு பின்னாடி இருக்கிற ஸ்பீக்கர்ல போட்டேன். மாமா கண்ணை மூடிட்டு தொடைல வெரலால தட்டிட்டே கேட்டாரு. ஏழாவது நிமிஷம் வந்ததும் கண்ணை தொறந்தாரு.

"இங்கதான் தண்ணி பட்டுச்சு. எறங்கிடுச்சு பாரு."

"ஆமா மாமா. நானும் கூடவே எறக்கி இருக்கேன், அடில அந்த தூம் கேக்குதா?"

ஒண்ணும் சொல்லல. திரும்ப மொதல்லருந்து போட சொன்னாரு, இந்த வாட்டி கண்ணை மூடல, ஸ்பீக்கர் மேல உள்ளங்கைய வெச்சுட்டு கடைசி வரைக்கும் கேட்டாரு. முடிஞ்சதும் ரொம்ப நேரம் கழிச்சு, "இப்ப வாசிக்கிறது ஃபைபர் கலந்த ஜோடிங்கதான் ஜாஸ்தி, அதெல்லாம் மழைல எறங்காது. எங்கப்பா வாசிச்ச பழைய தோலு ஒண்ணு பரண் மேல கீது, அது இன்னும் மோசமா எறங்கும். ஞாயித்துக்கிழமை மழை வந்தா போன் பண்றேன், மெஷினை எடுத்துக்கினு வா"ன்னாரு.

ஞாயித்துக்கிழமைக்கு மழைன்னுதான் போன்ல காட்டுது. அட்டைப் பெட்டி சேத்து வெச்சிட்டு இருக்கேன்.